பாலடினுக்கு விதியா, நோன்பா?

‘பாலடினின் நடத்தை விதிகள்’ என்று இன்னொரு முறை படித்துவிட்டேன். இந்த முறை ஆட்டக் குறிப்பைத் தமிழாக்கியவர் ‘விதிகளை அமல்படுத்துவது டஞ்சன் மாஸ்டரின் பொறுப்பு’ என்றும் சேர்த்திருந்தார். (ஆட்டத்தில் கதையை நடத்துபவர்தான் டஞ்சன் மாஸ்டர்.) தப்பான சொல்லை எடுத்தால் அடுத்த வரியும் தப்பாகத்தான் வரும்.

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் பாலடின் என்பவர் அறத்துக்காகப் போரிடும் வீரர். பொய் பேசக் கூடாது, சரணடைந்தவரைக் கொல்லக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் அவருக்கு உண்டு. ஆங்கிலத்தில் இதைக் ‘கோட்’ என்கிறார்கள். லத்தீனில் மரக்கட்டையைக் குறித்த சொல் அது. எழுதுபலகை, ஏடு, சட்டநூல் என்று பொருள் வளர்ந்தது.

நடத்தை விதி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேர்தல். ஆணையம் அறிவிக்கும், பறக்கும் படை சோதனை போடும், மீறினால் நோட்டீஸ் வரும். அந்தச் சொல்லைப் பாலடினுக்குச் சூட்டினால் டஞ்சன் மாஸ்டர்தான் பறக்கும் படை. அவர் கைதி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திப் பொறி வைக்கிறார், ஆடுபவர் வக்கீல் போல வாதாடுகிறார், அன்றைய கதை அதோடு போச்சு.

நம்மிடம் நோன்பு என்ற சொல் இருக்கிறதே! நோல் என்ற வினையிலிருந்து வந்தது. பொறுத்தல், தாங்குதல் என்று பொருள். வள்ளுவரின் ‘உற்றநோய் நோன்றல்’ நினைவிருக்கும். நோன்பு என்றால் பட்டினிதானே என்று சிலர் கேட்பார்கள். ஆண்டாளைப் பாருங்கள். நெய்யும் பாலும் உண்ணோம் என்றதோடு நிற்கவில்லை. ‘செய்யாதன செய்யோம், தீக்குறளை சென்றோதோம்’ என்கிறார். கோள் சொல்ல மாட்டோம் என்பதும் நோன்புதான். ‘செய்யாதே’ இல்லை, ‘செய்யோம்’. ஏற்றவரே காக்கிறார். ரமலான் நோன்பும் அப்படித்தானே?

1975-இல் இந்த ஆட்டத்தின் கிரேஹாக் என்ற துணைநூலில் பாலடின் முதலில் வந்தபோது, நெறி தவறினால் அந்தத் தகுதி என்றைக்குமாகப் போய்விடும் என்றுதான் இருந்தது. 1978-இல் வந்த ஆட்ட நூலில் தெரிந்தே ஒழுங்கை மீறிய செயலுக்கு மட்டும், குருவிடம் ஒப்புக்கொண்டு கழுவாய் தேட வழி கொடுத்தார்கள். (அதை ‘அபராதம்’ என்று எழுதுகிறார்கள். சிக்னலை மீறிய வண்டிக்கா போடுகிறார்கள்?) 2014 பதிப்பில் பாலடின் உறுதிமொழி ஏற்பவர். அந்தச் சொல்லும் போதாது. உறுதிமொழி ஒருநாள் வாயால் சொல்வது. நோன்பு நாள்தோறும் காப்பது.

அப்படியானால் டஞ்சன் மாஸ்டருக்கு வேலை இல்லையா? உண்டு. கதையில் வரும் தெய்வத்தின் குரல் அவர்தான். ‘இது உன் நோன்புக்குத் தகுமா?’ என்று ஒருமுறை கேட்கலாம். முறிந்ததா இல்லையா என்பதை ஆடுபவர் சொல்லட்டும். அதற்கப்புறம் தெய்வம் என்ன செய்யும் என்பதைக் கதையாக நடத்தட்டும்.

தமிழாக்குபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆடுபவர் தன் பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளில், இந்தக் கட்டுப்பாடுகளுக்கான கட்டத்துக்கு ‘என் நோன்பு’ என்று தலைப்பு வையுங்கள். உள்ளே ‘செய்யேன்’ என்று முடியும் மூன்று வரியை ஆடுபவரே எழுதிக்கொள்ளட்டும்.