மாடியில் சோலார் போடுகிறீர்களா? முதலில் ஈ.பி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

‘இலவச மின்சாரம்’ என்று மத்திய அரசின் வீட்டு சோலார் திட்டத்தின் பெயரிலேயே இருப்பதால், மாடியில் தகடு மாட்டிக்கொடுப்பதும் இலவசம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் டெல்டாவில் ஏராளம். இலவசம் இல்லை. 2024 பிப்ரவரியில் வந்த ‘பி.எம். சூர்ய கர்: முஃப்த் பிஜ்லி யோஜனா’ (முஃப்த் பிஜ்லி என்றால் இலவச மின்சாரம்) திட்டம் மானியம் மட்டும்தான் தருகிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான். மானியம் கடைசியில்தான் கணக்கில் ஏறும். அதுவரை கைப்பணமோ வங்கிக் கடனோ போட்டுச் சமாளிக்க வேண்டும். “மானியம் போக மீதியை மட்டும் கட்டுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்” என்பவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அத்தோடு காணாமல் போவார்கள்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். வீடு மகன் அனுபவத்தில் இருக்கும். ஈ.பி. இணைப்போ இறந்துபோன அப்பா பெயரில், சில வீடுகளில் தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பில் கட்டும்வரை அதை யாரும் கேட்பதில்லை, மானியம் என்றதும் கேட்கிறார்கள். மின் இணைப்பில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், வேலையெல்லாம் முடிந்த பிறகு மானியம் தொங்கும். பெயர் மாற்றம் கேட்டுப் போனால் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று இழுக்கும். அண்ணன் சிங்கப்பூரில், தங்கை திருப்பூரில் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே சோலார் மாட்டித்தரும் வெண்டரைத் தேடுவதற்கு முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். கோயில் அடிமனையில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல், பட்டா கோயில் பெயரில் இருக்கும். அவர்கள் வெண்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கோயில் அலுவலகத்திலும் ஈ.பி. பிரிவு அலுவலகத்திலும் பேசிவிட வேண்டும்.

அடுத்தது, உங்களுக்கு இது தேவையா என்பது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 200 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டில் சோலார் போட்டால் கடன் தவணைதான் மிஞ்சும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், ஆதாயம் அங்கேதான். ஒரு கிலோவாட் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போதுமான வீட்டில் 5 கிலோவாட் போடச் சொல்பவர் தன் லாபத்தைப் பார்க்கிறார்.

3 கிலோவாட் தகடு எந்நேரமும் 3 கிலோவாட் தராது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில், தகட்டின் சூடு 25 டிகிரி என்று வைத்து ஆலையில் போட்ட கணக்கு அது. சிலிக்கான் செல்லில் ஒளி பட்டு எலெக்ட்ரான் நகர்வதுதான் மின்சாரம்; செல் சூடானால் மின்னழுத்தம் குறையும். தஞ்சாவூர் மே மாத வெயிலில் தகடு 60 டிகிரியைத் தொடும், உற்பத்தி பத்து சதவீதத்துக்கும் மேல் சரியும். தென்னை ஓலையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கச் சுணங்கும். சர்வே என்று வருபவரை நிழல் நீளும் மாலையில் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இன்னொன்றையும் விற்பவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, மின்தடை வந்ததும், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானே அணையும். செயற்கைக்கோளும் இதே ஒளியில்தான் ஓடுகிறது, ஆனால் பூமியின் நிழலுக்குள் போகும்போது கைகொடுக்க அதில் பாட்டரி உண்டு. சாதாரண மானிய சோலாரில் பாட்டரி கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கரண்ட் இல்லாமல் கிடந்த வேதாரண்யத்துக்காரர், அடுத்த புயலுக்கு ஆகும் என்று இதைப் போட்டால் ஏமாந்துதான் போவார். பாட்டரி வேண்டுமென்றால் அதற்குத் தனிச் செலவு. கடலோரத்தில் ஸ்டாண்டு துரு ஏறும் என்பதால், துத்தநாகம் பூசிய இரும்பு என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தகடு மாட்டிவிட்டால் மானியம் இல்லை. திட்டத்தில் பதிவு பெறாத வெண்டர் மாட்டினாலும் இல்லை. இந்தியாவில் செய்த செல் உள்ள தகடாகவும் இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு தகட்டைத் தலையில் கட்டுவார்கள், சீரியல் நம்பரோடு சான்று வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஐந்து வருடப் பராமரிப்பு வெண்டர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஓ.டி.பி.யை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.

கடைசி முட்டுக்கட்டை நெட் மீட்டர், அதாவது உள்ளே வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் தனித்தனியே எண்ணும் மீட்டர். “ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க” என்பது கவுன்டரில் பழகிப்போன பதில். அதற்குள் அவசரப்பட்டு சோலாரை ஓடவிடாதீர்கள். பழைய மீட்டர்கள் பல, வெளியே போகும் கரண்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணும், பில் ஏறும். மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்து, ஆன்லைனில் அறிக்கை ஏறிய பிறகே மானியம் நகரும். அந்த அறிக்கை ஏறவில்லை என்றால் வங்கியில் போய்க் கேட்டுப் பயனில்லை, பிரிவு அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் சீலும் வாங்குங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் 94987 94987-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அப்படியும் நகராவிட்டால், இந்தத் தாள்களோடு உங்கள் மின்பகிர்மான வட்டத்தின் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனுப் போடலாம்; வக்கீல் தேவையில்லை.