எத்தனைக்கு 210? ‘கிரெடிட்’ என்ற சொல்லின் கணக்கு

தொழில்சார் உயர்கல்வி முடித்த ஒருவரின் படிப்புச் சான்றைச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழாக்கிக் கொடுத்தேன். ‘210 கிரெடிட்’ என்று இருந்ததை ‘210 மதிப்பெண்’ என்று எழுதியிருந்தேன். வாங்கிப் படித்தவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனைக்கு?”

நியாயமான கேள்வி. மதிப்பெண் என்றால் எத்தனைக்கு எத்தனை என்று தெரிந்தால்தான் அதில் பொருள் உண்டு. ஆனால் இதற்கு என்னிடம் பதில் இல்லை. கிரெடிட் என்பது பட்டத்துக்காகப் படித்த படிப்பின் அளவு. 210க்கு 210தான். அந்தப் பட்டத்தை முடித்த கடைசி மாணவருக்கும் 210, முதல் மாணவருக்கும் 210. குறைத்து வாங்கிப் பட்டம் பெற வழியே கிடையாது. எல்லோருக்கும் ஒரே எண் என்றால் அதைப் போய் மதிப்பெண் என்று எப்படிச் சொல்வது? தவறு என்னுடையதுதான். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்துப் போட்டிருந்தேன்.

‘கிரெடிட்’டின் வேர் லத்தீன். ‘க்ரேடெரே’ என்றால் நம்புதல்; நம்பி ஒப்படைத்தல். அப்படி ஒப்படைக்கப்பட்டது ‘க்ரேடிட்டும்’, அதாவது கடன். இத்தாலியும் பிரெஞ்சும் கடந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நம்பிக்கை, நற்பெயர், கடன் மூன்றையும் அந்தச் சொல் சுமந்து வந்தது. பணமும் நம்பிக்கையும் ஒரே சொல்லில் குடியிருப்பது தமிழருக்கு வியப்பாக இருக்காது. ‘நாணயம்’ கையில் இருந்தால் காசு. ஆளிடம் இருந்தால் நேர்மை. கணக்குப் புத்தகத்தில் டெபிட், கிரெடிட் இரண்டுக்கும் பற்று, வரவு என்ற சொற்கள் நெடுங்காலமாக நமக்கு உண்டு. “உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது” என்று வங்கி எழுதினால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. இந்த ‘வரவு’ கையோடு இருக்கட்டும், பிறகு தேவைப்படும்.

கல்லூரிக்குள் இந்தச் சொல் நுழைந்த கதை அமெரிக்காவுடையது. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர்கள் தங்கள் பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையைப் பரப்பினார். எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்த காலத்தில் எதையும் எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒருவர் வேதியியலும் இன்னொருவர் வரலாறும் எடுத்துக்கொண்டு இருவரும் ஒரே பட்டத்தைக் கேட்டால், இரண்டு பாதைகளையும் நிறுக்க ஒரு பொதுத் தராசு வேண்டும்.

அந்தத் தராசைக் கொண்டுவந்தது ஓய்வூதியம். கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர 1905இல் ஆண்ட்ரூ கார்னகி 1 கோடி டாலர் ஒதுக்கினார். பணத்தைப் பங்கிட வேண்டிய கார்னகி அறக்கட்டளைக்கு உடனே ஒரு சிக்கல்: எதைக் ‘கல்லூரி’ என்று ஒப்புக்கொள்வது? உயர்நிலைப் பள்ளியில் 14 அலகுகள் படித்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனமே கல்லூரி என்று அது வரையறுத்தது. ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் வகுப்பில் படித்தால் ஓர் அலகு. ஓய்வூதியத்துக்கு ஆசைப்பட்டுக் கல்லூரிகள் இந்த அளவுகோலை ஏற்றன. பள்ளிகள் பின்னாலேயே வந்தன. 1910இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர், தொழிற்சாலைத் திறனை அளப்பதைப் போலக் கல்லூரியையும் அளக்கலாம் என்று அதே அறக்கட்டளைக்கு அறிக்கை எழுதி, ‘மாணவர்-மணி’ என்ற கணக்கை முன்வைத்தார். பாடத்தை அளக்கும் கோல் பாடத்திலிருந்து பிறக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அமெரிக்க கிரெடிட் இன்றும் அந்தச் சாயலோடுதான் இருக்கிறது. பதினைந்து வாரப் பருவத்தில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பு: 2010இல் கூட்டரசு தந்த வரையறை ஏறக்குறைய இதுதான். இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். கணக்கு தொடங்குவது வகுப்பறை நாற்காலியில்.

ஐரோப்பா வேறு இடத்திலிருந்து தொடங்கியது. மாணவர்களை வேறு ஐரோப்பிய நாடுகளுக்குப் படிக்க அனுப்பும் எராஸ்மஸ் திட்டம் 1987இல் வந்தது. ஒரு பருவத்தை வேறு நாட்டில் படித்துவிட்டுத் திரும்பும் மாணவரின் உழைப்பு ஊர் திரும்பியதும் கணக்கில் சேராமல் போனால் யார் போவார்கள்? அதற்காக 1989இல் சோதனை முறையாக வந்த கிரெடிட் மாற்று முறையைத்தான் இன்று ஈசிடிஎஸ் என்கிறார்கள். அது எண்ணுவது மாணவர் உழைக்கும் நேரத்தை. முழுநேரப் படிப்பு ஓராண்டு என்றால் 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். விரிவுரை, ஆய்வகம், வீட்டில் படித்தது, தேர்வுக்குத் தயாரானது, ஆய்வேடு எழுதியது என எல்லாமே இதில் அடங்கும். ஐரோப்பியப் பட்டங்களின் அமைப்பை ஒத்திசைய வைக்கும் போலோன்யா அறிக்கையில் 1999இல் 29 நாடுகள் கையெழுத்திட்ட பிறகு இது பட்டங்களுக்கே அடித்தளமாயிற்று. 2005இல் நார்வேயின் பெர்கனில் கூடிய கல்வி அமைச்சர்கள் முதல் சுற்றுக்கு, அதாவது இளநிலைக்கு, 180 முதல் 240 வரை, இரண்டாம் சுற்றான முதுநிலைக்கு வழக்கமாக 90 முதல் 120 வரை என்று வரம்பு வைத்தார்கள்.

இந்த மாற்றத்தின் அருமை தொழில்சார் உயர்கல்வியில்தான் தெரியும். தொழிற்கூடத்தில் இருபது வாரம் பயிற்சி பெறும் மாணவருக்கு விரிவுரையே கிடையாது. நாற்காலி நேரத்தை எண்ணினால் அவர் கணக்கில் சுழியம். உழைப்பை எண்ணினால் அது ஒரு முழுப் பருவம், 30 கிரெடிட். ஜெர்மனியில் ஃபாக்ஹோக்ஷூலெ எனப்படும் தொழில்சார் உயர்கல்வி நிறுவனங்கள் 1968இல் மாநிலங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையால் உருவானவை. அவற்றின் படிப்புகள் பலவற்றில் ஒரு பருவம் முழுக்கத் தொழிலிடத்தில்தான். ஆறு பருவத்தோடு இந்த ஒன்றும் சேர்ந்து ஏழு. அதுதான் நான் தடுமாறிய 210. பின்லாந்தில் இவ்வகை நிறுவனத்தின் பெயர் ‘அம்மத்திகோர்கேயாகோலு’: தொழில், உயர், பள்ளி என்று மூன்று சொற்கள் கோத்தது. ஆங்கிலத்தில் மட்டும் தங்களைப் ‘பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். அங்கே பொறியாளர் படிப்புக்கு 240, செவிலியர் படிப்புக்கு 210. அதற்குள் தொழிற்பயிற்சிக்கு என்று ஒரு பங்கு கட்டாயம்.

ஒரு பாடத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். பின்லாந்தில் ஓராண்டுப் படிப்பு 1600 மணி நேரம். அதை 60ஆல் வகுத்தால் கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 26.7 மணி. ஐந்து கிரெடிட் பாடம் என்றால் 133 மணி. எடுத்துக்காட்டாக, உணரிகளை (சென்சார்களை) பற்றிய ஒரு பாடம்: வாரம் மூன்று மணி நேரம் வகுப்பும் ஆய்வகமும், பதினைந்து வாரத்துக்கு 45. ஆய்வக அறிக்கைகளுக்கு 30. குழுவாகச் செய்யும் செயல்திட்டத்துக்கு 40. தேர்வுக்குத் தயாராக 18. ஆசிரியர் கண்முன் கழிவது மூன்றில் ஒரு பங்குதான். கால அட்டவணையைப் பார்த்து, “வாரத்துக்கு மூன்று மணி நேரம்தானே, இன்னும் நான்கு பாடம் எடுக்கலாம்” என்று துள்ளும் முதலாண்டு மாணவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மற்ற மொழிகள் இதற்கு என்ன பெயர் வைத்தன என்று பார்ப்பது பயன் தரும். 2005 வரை பின்லாந்தில் இருந்த சொல் ‘ஓபின்டோவீக்கோ’, படிப்பு வாரம். ஒரு படிப்பு வாரம் என்றால் 40 மணி நேரம். இதைவிட ஒளிவுமறைவில்லாத பெயரை நான் கண்டதில்லை. பிறகு ஐரோப்பிய முறைக்காக அதைக் கைவிட்டு ‘ஓபின்டோபிஸ்தெ’, படிப்புப் புள்ளி, என்றார்கள். நெதர்லாந்தில் முன்பு ஆண்டுக்கு 42 புள்ளி, புள்ளிக்கு 40 மணி நேரம். இப்போது 60 புள்ளி, புள்ளிக்கு 28. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 1680தான் வரும். ஸ்வீடனில் 2007இல் ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியாயிற்று. படிப்பு ஓர் எழுத்துகூடக் கூடவில்லை, எண் மட்டும் பெருத்தது. ஜெர்மானியர் ‘லைஸ்டுங்ஸ்புங்க்ட்’ என்கிறார்கள். ‘லைஸ்டுங்’ என்றால் செய்து முடித்தது.

ஐந்து கிரெடிட் என்று நிறுவனம் எழுதிவிட்டால் அது ஐந்தாகிவிடுமா? அதைச் சரிபார்க்கத்தான் ஒழுங்குமுறை. ஐரோப்பிய உயர்கல்வியின் தரத்துக்கான பொது நெறிகள் 2005இல் ஏற்கப்பட்டு 2015இல் திருத்தப்பட்டன. அவற்றை நாடுகள் தங்கள் தங்கள் வழியில் நடைமுறைப்படுத்துகின்றன. பின்லாந்தில் சட்டம் பட்டத்தின் அளவைச் சொல்லும், தேசிய மதிப்பீட்டு மையம் நிறுவனத்தைத் தணிக்கை செய்யும். நெதர்லாந்தும் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியும் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும். ஜெர்மன் விதிகள் இன்னும் நுணுக்கம்: ஒரு பாடத்தொகுதிக்குப் பொதுவாக ஐந்து கிரெடிட்டாவது இருக்க வேண்டும்; இளநிலை ஆய்வேட்டுக்கு 6 முதல் 12 வரை; முதுநிலையை முடிக்கும்போது இளநிலையையும் சேர்த்துப் பொதுவாக 300.

இந்த 300இல்தான் பலர் இடறுகிறார்கள். 210இல் இளநிலை முடித்தவர் 90இல் முதுநிலை சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். 180இல் முடித்தவர் அதே 90க்கு விண்ணப்பித்தால் 30 துண்டு விழும். கூடுதல் பாடங்களைப் படித்து ஈடுகட்ட வேண்டும். நெதர்லாந்தில் இதற்கு நேர்மாறான வேடிக்கை. அங்கே தொழில்சார் இளநிலைக்கு 240, ஆய்வுப் பல்கலைக்கழக இளநிலைக்கு 180. ஆனால் ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை படிக்க 180காரர் நேராக உள்ளே போவார். 240காரரை, பெரும்பாலும், வாசலில் நிறுத்தி ஓர் இணைப்புப் படிப்பை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். அதிகம் வைத்திருப்பவர் வெளியே, குறைவாக வைத்திருப்பவர் உள்ளே!

கிரெடிட் அளவை மட்டுமே சொல்லும் என்பதால் வரும் விளைவு இது. எந்த நிலைப் படிப்பு என்று அது சொல்லாது. அதற்கு 2008இல் வந்த ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் வேண்டும், அதில் இளநிலை 6, முதுநிலை 7. எவ்வளவு நன்றாகப் படித்தார் என்றும் அது சொல்லாது. அதற்குத் தரம் வேண்டும். பின்லாந்தில் 1 தப்பித்துத் தேறியவருக்கு, 5 மிகச் சிறந்தவருக்கு. ஜெர்மனியில் 1 மிகச் சிறந்தவருக்கு, 4 கரையேறியவருக்கு. சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலை சுற்றும். கிரெடிட் பத்தி மட்டும் அசையாமல் நிற்கும்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘மதிப்பெண்’ தரத்தின் பக்கம் போய்விட்டது, விட்டுவிடலாம். ‘தகுதிப்புள்ளி’ மோசமில்லை, ஆனால் தகுதி என்றதும் எதற்குத் தகுதி என்ற கேள்வி எழும், அதற்கான பதில் மேலே சொன்ன தகுதிச் சட்டகத்தில் இருக்கிறது. ‘நற்புள்ளி’ என்று யாராவது எழுதினால் எனக்கு உடனே கரும்புள்ளி செம்புள்ளி நினைவுக்கு வருகிறது. ஒழுக்கத்துக்குக் கொடுத்த பரிசு போலவும் தொனிக்கிறது. இலங்கைத் தேர்வு முடிவுகளில் வரும் ‘திறமைச் சித்தி’ அருமையான சொல்தான், ஆனால் அது ‘சி’ தரத்தைக் குறிப்பது. ஆங்கிலத்தில் அதுவும் கிரெடிட், இதுவும் கிரெடிட். தமிழில் இரண்டையும் பிரிக்க முடிவது நமக்கு வசதி.

என் தேர்வு ‘வரவலகு’. உழைத்தது கணக்கில் ஏறுகிறது, ஏறியது சேர்கிறது, வேண்டுமானால் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்: மூன்றையும் ‘வரவு’ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. “இந்தப் பாடத்துக்கு ஐந்து வரவலகு”, “முந்தைய பணி அனுபவத்துக்குப் பத்து வரவலகு வைத்துக்கொண்டார்கள்” என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், உறுத்தவில்லை. இந்தியாவில் 2021இல் தொடங்கிய கிரெடிட் வங்கியை ‘கல்வி வரவு வங்கி’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

எதிர்வாதம் உண்டு. இலங்கையில் ‘வரவு இடாப்பு’ என்றால் வருகைப் பதிவேடு. அங்குள்ள வாசகர், வகுப்புக்கு வந்ததற்குக் கொடுத்த அலகு என்று நினைத்துவிடலாம். கார்னகியின் 120 மணி நேரத்தை எண்ணினால் அந்த நினைப்பு முழுத் தவறும் அல்ல! ஆனால் ஐரோப்பியக் கணக்குக்கு அது ஒத்துவராது. ‘அலகு’ ஒட்டியிருப்பதால் குழப்பம் குறையும் என்பது என் எண்ணம். பாடத்திட்டத்தின் ‘அலகு 1, அலகு 2’ உடன் மோதாமலிருக்க அதைத் தனியே நிறுத்தாமல் எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும். பேச்சில் ‘கிரெடிட்’ என்றே சொல்பவரோடு எனக்குச் சண்டையில்லை.

அந்தச் சான்றைத் திருத்தி, ‘210 வரவலகு கொண்ட இளநிலைப் பட்டப்படிப்பை முடித்தவர்’ என்று எழுதி அனுப்பினேன். அதே ஆள் மறுபடி கூப்பிட்டார். “அப்படியென்றால் எத்தனை வருடப் படிப்பு?”

“மூன்றரை.”

“சரி” என்று வைத்துவிட்டார்.