பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை வேண்டாம்

நேற்றும் ஒரு குழந்தை வந்தது. பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நெஞ்சுக்கூடு உள்வாங்குகிறது, நிமிடத்துக்கு 72 மூச்சு. ஆக்சிஜன் வைத்துவிட்டுக் குனிந்தால், தலைமுடி முழுக்கச் சாம்பிராணி வாசம். இந்த மாதத்தில் மூன்றாவது.

"தெனமும் குளிப்பாட்டுனதும் காட்டுவோம் டாக்டர். தலையில நீர் கோக்காது, சளி பிடிக்காது" என்றார் பாட்டி. பேரன் மேல் உயிராக இருக்கிறார். அதனால்தான் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

பாட்டிமா, சளி வைரஸால் வருகிறது. ஈரத் தலைக்குப் பருத்தித் துண்டு போதும். புகை சளியைத் தடுக்காது. சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழாயை இன்னும் வீங்க வைக்கும்.

உடனே அடுத்த பதில் வரும்: "மரத்துப் பிசின்தானே, இயற்கைதானே!" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். விறகும் இயற்கைதான், புகையிலையும் இயற்கைதான். எதை எரித்தாலும் புகையில் நுண்துகள் வரும். கரித்தணலில் போட்டால் கார்பன் மோனாக்சைடும் சேரும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கில் நிற்காமல் நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும். பூஜை அறையிலிருந்து வந்ததா, குப்பை மேட்டிலிருந்து வந்ததா என்று நுரையீரல் பார்ப்பதில்லை. மணக்கிறது என்பதற்காக அது மருந்தாகிவிடாது. கம்ப்யூட்டர் சாம்பிராணி பெரும்பாலும் கரித்தூளும் வாசனையும்தான், அதைப் பிசின் என்றுகூடச் சொல்ல முடியாது.

நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பச்சைக் குழந்தை 40 முதல் 60 முறை. நுரையீரலின் காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உருவாகிறது. அந்த நேரத்தில் தினமும் புகை போட்டால் நிமோனியா, அடிக்கடி வீசிங், பின்னால் ஆஸ்துமா என எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

கொசுவத்தியும் அப்படித்தான். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அதைத் தொட்டிலுக்கு அடியில் வைக்கிறோம்! கொசுவலை கட்டுங்கள்.

கருவிலிருக்கும்போதே கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2018-இல் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போதெல்லாம் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைகிறது. நாலு கிராம்தானே என்று நினைக்காதீர்கள். விறகடுப்புப் புகை பத்தோடு நிற்காது. வீட்டில் கேஸ் இருந்தும் வெந்நீருக்கு மட்டும் விறகு வைக்கிறீர்களா? கர்ப்பிணியை அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.

அப்பாக்களே, வாசலில் நின்று சிகரெட் பிடித்துவிட்டு அதே சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். நிறுத்திவிட்டால் ரொம்பச் சந்தோஷம்.

இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பாருங்கள். மூச்சு 60-ஐத் தொட்டாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்கத் திணறினாலோ கைவைத்தியம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். இரவு இரண்டு மணியானாலும் சரி.