‘பாரம்பரியத் தாக்கம்’ என்று எழுதினால் போதுமா? வடிவமைப்புப் படங்களுக்குக் குறிப்பு எழுதுவோர் கவனத்திற்கு

திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகக் காளஹஸ்தி வரை நீளும் எல்லைப்பகுதியில் ஜவுளிக் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் வடிவமைப்பு வேலை செய்துவரும் எங்களிடம், விலைப்பட்டியல் புத்தகத்திற்கென்று வரும் படங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் கீழ் ஏறத்தாழ ஒரே குறிப்புதான் இருக்கிறது. ‘பாரம்பரியக் கலையின் தாக்கத்தில் உருவான நவீன வடிவமைப்பு’ என்பது அது. அதை எடுத்துப் புடவைப் படத்தின் கீழும் வைக்கலாம், திருமண அழைப்பிதழின் கீழும் வைக்கலாம், புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தின் முகப்புப் படத்தின் கீழும் வைக்கலாம். எந்தக் கலை, அதன் எந்தக் கூறு, இந்த வடிவமைப்பில் எந்த இடத்தில், எந்த அளவு உறுதியோடு சொல்ல முடியும் என்ற நான்கில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை.

இது வெறும் மொழிநடைக் குறை அன்று. கையால் வரைந்து இயற்கைச் சாயம் ஏற்றிய கலம்காரித் துணியும், அதன் படத்தை வைத்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர் அச்சிட்ட துணியும் ஒரே குறிப்போடு ஒரே பக்கத்தில் வரும்போது, வாங்குபவர் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். வரைந்தவருக்கு அங்கேயே இழப்பு தொடங்கிவிடுகிறது. ‘ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி’ 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற பெயர் என்பதையும், கடற்கரைப் பக்கத்து மசூலிப்பட்டினத்துக் கலம்காரிக்குத் தனிப் பதிவு உண்டு என்பதையும் நம் கடைக்காரர்களில் பலர் அறிந்திருக்கவில்லை.

படத்தின் கீழ் ‘கலம்காரி’ என்ற சொல்லை எழுதுமுன் செய்முறையையும் தோற்றத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காளஹஸ்தியில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். சாயம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் இருப்பதற்கு அந்தப் பால்தான் துணை. புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதல் வரைவைப் போட்டு, நுனியில் கம்பளியோ துணியோ சுற்றிய மூங்கில் கலத்தால் (எழுதுகோலால்), இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த கரைசலைத் தொட்டுக் கருங்கோடு இழுக்கிறார்கள். படிக்காரம் பூசிய இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கிறது. சுற்றிய துணியை விரலால் அழுத்தும் அளவைப் பொறுத்துச் சாயம் இறங்குவதால், ஒரே கோடு தொடங்கும் இடத்தில் தடித்தும் முடியும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். மசூலிப்பட்டினத்திலோ மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டைதான் முக்கியக் கருவி. அங்கே ஓர் அச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் பொருத்து, உற்றுப் பார்த்தால் தெரியும். டிஜிட்டல் அச்சில் ஒரு பூவின் இதழில் உள்ள சிறு பிசிறு, குறிப்பிட்ட தூரத்திற்கு ஒருமுறை அச்சு அசலாகத் திரும்பி வரும்; துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். அதனால்தான் எங்களிடம் படம் அனுப்புபவர்களிடம் துணியின் பின்பக்கப் படத்தையும் கேட்டு வாங்குகிறோம். தொந்தரவு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனாலும் முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்முறையைச் சொல்வது ஊகமாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். விசைத்தறிப் புடவை ஒன்றுக்கு, ‘பாரம்பரியக் கலம்காரிக் கலையின் தாக்கத்தில் உருவான நேர்த்தியான பருத்திப் புடவை’ என்று குறிப்பு வந்தது. பின்பக்கத்தையும் பார்த்தபின் நாங்கள் மாற்றி எழுதியது இது: ‘விசைத்தறிப் பருத்திப் புடவை, டிஜிட்டல் அச்சு. முந்தானையில் கட்டங்களாகப் பிரித்த ராமாயணக் காட்சிகளும் அவற்றைச் சுற்றிய கருங்கோடும் காளஹஸ்திக் கோயில் துணிகளின் அமைப்பைப் பின்பற்றியவை. கரையில் உள்ள சிறுபூ வரிசை மசூலிப்பட்டினத்து அச்சுக்கட்டைத் துணிகளை ஒத்தது.’ முதலில் பொருள், பிறகு செய்முறை, அதன்பின் எந்த இடத்தில் எந்தத் தாக்கம் என்ற வரிசை இதில் இருக்கிறது. ‘நேர்த்தியான’ என்ற சொல் போய்விட்டது. அதைப் படமே சொல்லட்டும். கடைக்காரருக்கு இந்த நேர்மையில் முதலில் தயக்கம் இருந்தது. அச்சுத் துணியை அச்சுத் துணி என்று சொல்லி விற்பதில் குறைவு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

காளஹஸ்தியின் பழைய கோயில் துணிகளிலேயே காட்சிக் கட்டங்களின் ஓரமாகத் தெலுங்கில் விளக்க வரிகள் எழுதப்பட்டிருக்கும். யார் யாரிடம் பேசுகிறார், எந்தக் கட்டத்தில் எது நடக்கிறது என்பதை வரைந்தவர்களே வரைந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊரில் இத்தகைய முன்மாதிரியை வைத்துக்கொண்டு நாம் ‘பாரம்பரியத் தாக்கம்’ என்று முடித்துக்கொள்வது சோம்பலன்றி வேறில்லை.

தாக்கம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்பதில்தான் குறிப்புகள் அதிகமாக இடறுகின்றன. நடுவில் ஒரு மரம் வளைந்து எழுந்து, கிளைதோறும் வெவ்வேறு பூக்கள் மலர்ந்திருக்கும் ‘உயிர்மரம்’ வடிவத்தைச் சிலர் ‘தூய இந்தியக் கலை’ என்கிறார்கள். வேறு சிலர் ‘பாரசீகத் தாக்கம்’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியான பெரிய படுக்கை விரிப்புகளில் அந்த மரம் நாம் இன்று அறிந்த உருவத்தைப் பெற்றபோது, பாரசீக, சீன, ஐரோப்பிய ரசனைகள் அதில் சேர்ந்தே கலந்திருந்தன. 1643-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் நிர்வாகிகள் இந்தியாவுக்கு எழுதிய கடிதத்தில், கருஞ்சிவப்புப் பின்னணி கொண்ட விரிப்புகள் எல்லோருக்கும் பிடிப்பதில்லை என்றும், வெள்ளைப் பின்னணி கூடுதலாக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். பின்னர் அங்கிருந்து மாதிரிப் படங்களே வரத் தொடங்கின. அந்தத் துணிகள் ஐரோப்பியச் சந்தையை நிறைத்தபோது பிரான்ஸ் 1686-இல் தடை விதித்தது. இங்கிலாந்தும் 1700, 1721 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் கட்டுப்படுத்தியது. தடையால் விருப்பம் குறையவில்லை. அங்குள்ள ஆலைகள் அதே வடிவங்களை அச்சிடப் பழகிக்கொண்டன. ஆகவே இன்றைய ஐரோப்பியப் பூப்போட்ட திரைச்சீலை ஒன்றைப் பார்த்து நம் வடிவமைப்பாளர் ஒரு புடவைக் கரையை அமைத்தால், ‘ஐரோப்பியத் தாக்கம்’ என்பது அதன் கடைசிக் கட்டத்தை மட்டுமே சொல்கிறது. குறிப்பில் இந்த வரலாறு முழுவதையும் திணிக்க வேண்டாம். ‘ஐரோப்பியப் பூ அச்சுத் துணிகளைப் பார்த்து அமைத்தது, அவ்வடிவங்களின் முன்னோடிகள் சோழமண்டலக் கரையின் சாயத் துணிகள்’ என்று ஒரு வரி போதும்.

அடுத்தது வினைச்சொல். ‘நகலெடுத்தது’, ‘பின்பற்றியது’, ‘நினைவூட்டுகிறது’, ‘ஒத்திருக்கிறது’ என்பவை ஒரே பொருளுடையவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு சான்று தேவை. வின்சென்ட் வான் கோ 1887-இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் பூத்த மரத்தோட்ட அச்சுப்படத்தை எண்ணெய் வண்ணத்தில் பார்த்தே வரைந்தார். இரண்டு படங்களும் கிடைப்பதால் அங்கே ‘பார்த்து வரைந்தார்’ என்று தயங்காமல் எழுதலாம். ஆந்திராவின் லேபாட்சி வீரபத்திரர் கோயிலின் 16-ஆம் நூற்றாண்டுக் கூரை ஓவியங்களில் உள்ள பெரிய விழிகளையும் ஆடைப் பூவேலைகளையும் காளஹஸ்தித் துணி உருவங்களோடு வைத்துப் பார்ப்பவருக்கு உறவு கண்ணில் படும். ஆனால் கண்ணில் படுவதை வைத்து ‘லேபாட்சியிலிருந்து வந்தது’ என்று எழுதிவிடக் கூடாது. இரண்டும் ஒரு பொது மூலத்திலிருந்து பிரிந்தவையாகவும் இருக்கலாம். வடிவமைத்தவரே எதைப் பார்த்தார் என்று சொன்னால் ‘பின்பற்றியது’, சொல்லாதபோது ‘ஒத்திருக்கிறது’. எங்கள் அலுவலகத்தில் வடிவமைப்புக் கோப்போடு, பார்த்த மூலப்படத்தையும் சேர்த்து வைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

திருமண அழைப்பிதழ்களுக்கு வருகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், தெலுங்கு ஓவியர் பாபுவின் ‘பொம்மைகள்’, அதாவது அவர் வரைந்த பெண் உருவப் படங்கள், இல்லாத கல்யாணப் பருவமே இல்லை என்று சொல்லலாம். இந்தப் பக்கமும் தெலுங்குக் குடும்பங்கள் மட்டுமன்றித் தமிழ்க் குடும்பங்களும் அந்த நீண்ட ஜடையையும் அகன்ற கண்களையும் விரும்பிக் கேட்கிறார்கள். பாபு என்று அறியப்பட்ட சத்திராஜு லட்சுமிநாராயணா 1933-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் படைப்புகளுக்கு அவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிப்பதால், அவர் வரைந்த படங்களுக்கு 2074-ஆம் ஆண்டின் இறுதிவரை பாதுகாப்பு உண்டு. பாணி யாருக்கும் தனி உடைமை அன்று. வரைந்த படம் உடைமை. ஆகவே ‘பாபுவின் ஓவியம்’ என்பதும் ‘பாபுவின் பாணியில் எங்கள் ஓவியர் வரைந்தது’ என்பதும் சட்டத்தின் முன்னும் வேறு வேறு. அனுமதியின்றி அசலை எடுத்துப் போட்டுவிட்டுக் குறிப்பில் ‘பாணி’ என்று எழுதி மறைப்பதை நான் பல மாதிரிப் புத்தகங்களில் காண்கிறேன். 1906-இல் மறைந்த ரவிவர்மாவின் படங்களுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் அவற்றைப் பயன்படுத்தும்போது, நம் கையில் இருப்பது எண்ணெய் ஓவியத்தின் படமா, 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படமா, பிற்காலத்து நாட்காட்டி ஓவியர் மாற்றி வரைந்ததா என்று சொல்வது முறை.

கட்டடப் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிப்படியாக உயரும் கைப்பிடிச் சுவரும் சிமெண்டில் புடைத்த ஆண்டும் கொண்ட பழைய வீடுகளை ‘வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்’ என்று குறிக்கிறார்கள். அது காலத்தைச் சொல்கிறதே தவிர, பாணியைச் சொல்லவில்லை. 1925-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியை ஒட்டிப் பரவிய ஆர்ட் டெகோ பாணியின் சாயல் அவற்றில் பலவற்றுக்கு உண்டு. சென்னைப் பாரிமுனையின் டேர் ஹவுஸை ஒருமுறை பார்த்தவருக்கு அடையாளம் புரியும். அதேபோல வட்டமும் முக்கோணமும் வந்தாலே ‘பவ்ஹவுஸ்’ (ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளி ஒன்றின் பாணி) என்று எழுதும் பழக்கத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளால் கேட்கும் மாற்று உரையும் படக்குறிப்பும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மாற்று உரையில் படத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும்: நிறம், உருவம், இருப்பிடம். தாக்கமும் வரலாறும் குறிப்பில் வரட்டும். இரண்டிலும் ஒரே வாக்கியத்தை ஒட்டினால், கேட்பவர் அதே வரியை இரண்டு முறை கேட்பார். படத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படம். ‘காளஹஸ்தி பாணி’ என்று கேட்டுப் பெற்றதாக ஒருவர் அனுப்பிய படத்தில், கருங்கோடும் மண்நிறமும் காளஹஸ்தியைப் போலவே இருந்தன. முகங்கள் பீகாரின் மதுபனி ஓவியத்தின் சாயலில் இருந்தன. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் தெலுங்கைப் போலத் தோன்றி எந்த மொழியிலும் சேராத கிறுக்கல் வரிசை ஓடியது. இத்தகைய படத்திற்கு எந்த மரபையும் உரிமை கொண்டாடக் கூடாது. ‘மென்பொருளால் உருவாக்கியது, காளஹஸ்தித் துணிகளின் நிறத்தையும் கட்ட அமைப்பையும் போலச் செய்தது, எழுத்துகள் பொருளற்றவை’ என்று எழுதிக் கொடுத்தோம். அந்தக் குறிப்போடு வெளியிட மனமில்லை என்று அவர் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தெரிந்த கையொன்று வரைந்த துணியாக இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. அங்கே வரைந்தவரின் ஒப்புதல் பெற்று அவர் பெயரையும் ஊரையும் முதல் வரியில் போட்டு, தமிழ்க் குறிப்பையும் தெலுங்குக் குறிப்பையும் அச்சுக்குப் போகுமுன் அவரிடமே காட்டித் திருத்தி வாங்குகிறோம்.