தொடர்ந்து தோற்கும் பேஸ்பால் அணி: யாரைத் திட்டுவது?

ஒரே எதிரணியிடம் வருடக்கணக்கில் உதை வாங்கிக்கொண்டே இருக்கும் ஒரு பேஸ்பால் அணிக்கு யார் பொறுப்பு, மேனேஜரா (அணியின் தலைமைப் பயிற்சியாளர்), பிட்சர்களா (பந்து வீசுபவர்கள்), காசை இறுக்கிப் பிடிக்கும் முதலாளியா, இல்லை ரசிகர்கள் சொல்வதுபோல் சாபமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேள்வியில் இருந்த கோபத்தைப் பார்த்தால் அவர் மனதில் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிகிறது. அந்த ஆளைக் காப்பாற்றுவது என் வேலை இல்லை. ஆனால் யாரையாவது திட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டியிருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் திட்ட வேண்டியவர்கள் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும்.

முதலில், இந்தக் கேள்விக்கென்றே செய்துவைத்தது போன்ற ஒரு அணி: மினசோட்டா ட்வின்ஸ். 2004 பிளேஆஃப்பில், அதாவது சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் சுற்றில், நியூயார்க் யாங்கீஸை முதல் ஆட்டத்தில் 2-0 என்று ஜெயித்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு 2004, 2009, 2010, 2017, 2019 என்று ஐந்து பிளேஆஃப்களில் யாங்கீஸை எதிர்த்து ஆடிய 13 ஆட்டங்களிலும் வரிசையாகத் தோல்வி. 2009-ல், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸும் சமமாக முடிந்து நீண்ட ஒரு ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில் ட்வின்ஸ் அடித்துக் கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்தை அம்பயர் வெளியே என்று சொல்லிவிட்டார். 2017-ல் முதல் இன்னிங்ஸிலேயே மூன்று ரன் எடுத்து, யாங்கீஸ் பிட்சர் ஒரே ஒரு அவுட் எடுத்த நிலையில் அவரை வெளியே அனுப்பிவைத்தார்கள், அப்படியும் தோற்றார்கள். 2019-ல் 101 ஆட்டம் ஜெயித்து, ஒரே சீசனில் 307 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) என்று அதுவரை யாரும் தொடாத சாதனையோடு போனார்கள். மூன்றுக்கு மூன்றும் தோல்வி.

இதில் யாரைப் பிடிப்பது? அந்தப் பதினைந்து வருடத்தில் ட்வின்ஸுக்கு ரான் கார்டன்ஹையர், பால் மோலிட்டர், ராக்கோ பால்டெல்லி என்று மூன்று மேனேஜர்கள். ஆடியவர்கள் முழுக்க மாறிவிட்டார்கள், மைதானம்கூட மாறிவிட்டது. சரி, எல்லாம் மாறியும் தோல்வி மட்டும் மாறவில்லை என்றால் அது சாபம்தானே என்று கேட்பீர்கள். அதே காலத்தில் அவர்கள் பிளேஆஃப்பில் ஓக்லாந்திடம் மூன்று, ஹூஸ்டனிடம் இரண்டு ஆட்டமும் தோற்றிருக்கிறார்கள். மொத்தம் 18 தோல்வி, 2023-ல் டொராண்டோவை ஜெயித்துத்தான் அது நின்றது. யாங்கீஸ் வைத்த சாபம் ஹூஸ்டன் வரைக்கும் துரத்திப்போய்க் கடித்ததா என்பதை நம்புகிறவர்கள் விளக்கட்டும்.

பேஸ்பால் எவ்வளவு தற்செயலான ஆட்டம் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து பிட்சர் கையை விட்டுக் கிளம்பி பேட்டரிடம் வந்துசேர ஏறத்தாழ 0.4 விநாடி. உருண்டையான பந்தை உருளையான மட்டையால் அடிக்க வேண்டும், இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் ஒரு மில்லி விநாடி. மட்டை சில மில்லிமீட்டர் மேலே கீழே பட்டால் ஹோம் ரன் ஆக வேண்டியது கேட்ச் ஆகிவிடும். அடித்த பந்து மைதானத்துக்குள் விழுந்தால் அது ஹிட் ஆவது, அதாவது அடித்தவர் அவுட் ஆகாமல் பேஸைச் சேர்வது, பத்துக்கு மூன்று தடவைதான். அந்த மூன்றை இரண்டாகக் குறைப்பதில் பிட்சரின் கைவண்ணம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் 2001 வாக்கில் எழுதியபோது பழைய ஆட்கள் பலர் நம்பவே மறுத்தார்கள். இதனால்தான் 162 ஆட்டம் கொண்ட சீசனில் நல்ல அணி என்று பெயரெடுப்பது ஆறு பங்கு ஜெயித்து நாலு பங்கு தோற்கும் அணி. மட்டமான அணியும் பத்துக்கு நாலு ஜெயித்துவிடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

அமெரிக்காவின் மேஜர் லீகில் 30 அணிகள், ஆறு டிவிஷன்கள், ஒரு டிவிஷனுக்கு ஐந்து அணிகள். ஐந்து அணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10 ஜோடி. ஆறு டிவிஷனுக்கும் சேர்த்து 60 ஜோடி. 2023-லிருந்து ஒவ்வொரு ஜோடியும் சீசனில் தங்களுக்குள் 13 ஆட்டம் ஆடுகிறார்கள். இப்போது ஒரு கற்பனை உலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 30 அணிகளும் அச்சுப் பிசகாமல் ஒரே திறமை, மேனேஜர்கள் எல்லாம் ஒரே மூளை, எந்த ஆட்டமும் நாணயம் சுண்டிப்போட்டதுபோல் பாதிக்குப் பாதி. திட்டுவதற்கு அந்த உலகத்தில் ஆளே கிடையாது, ஏனென்றால் யாரிடமும் எந்தக் குறையும் கிடையாது.

அந்த உலகத்தில் ஒரு குறிப்பிட்ட ஜோடியில் யாராவது ஒருவர் 10-3 (பத்துத் தோல்வி, மூன்று வெற்றி) அல்லது அதைவிட மோசமாகத் தோற்க எவ்வளவு வாய்ப்பு? பள்ளியில் படித்த ஈருறுப்புப் பரவல்தான். 13 ஆட்டங்களின் முடிவு 8,192 விதமாக வரலாம். அதில் ஒரு அணி பத்தோ அதற்கு மேலோ ஜெயிக்கும் வழிகள் 378, மற்ற அணிக்கும் அதே 378. மொத்தம் 756, அதாவது சுமார் 9 சதவீதம். 60 ஜோடிக்கும் பெருக்கிப் பாருங்கள்: வருடத்துக்கு ஐந்து, ஆறு ஜோடிகளில் ஒரு அணி இன்னொன்றைப் புரட்டி எடுத்திருக்கும். யாரும் யாரையும்விட உசத்தி இல்லாத உலகத்தில்!

ரசிகனின் நாற்காலியிலிருந்து பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். உங்கள் அணிக்கு டிவிஷனில் நாலு எதிரிகள். நாலு பேரில் ஒருவரிடமாவது 10-3 அல்லது அதைவிடக் கேவலமாக அடி வாங்க வருடத்துக்கு 17 சதவீத வாய்ப்பு, கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. ஐந்து வருடம் பார்த்தால் ஒரு தடவையாவது இது நடக்க 60 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. அந்த நாலில் எந்த அணி என்பதை முன்கூட்டியே நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், அடி விழுந்த பிறகுதான் 'அட, இவன்தான் நமக்கு எமன்' என்று பெயர் வைப்பீர்கள். அதே அணியிடம் இரண்டு வருடம் அடுத்தடுத்து அப்படி நடந்தால்? அந்த 60 ஜோடிகளில் எங்காவது ஒன்றில் அது நடப்பது நாலு வருடத்துக்கு ஒரு முறை எதிர்பார்க்க வேண்டிய விஷயம். இத்தனைக்கும் நாம் பார்த்தது முழு சீசன் கணக்கு மட்டும்தான். வெளி மைதானத்தில், இரவு ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில், பிளேஆஃப்பில் என்று ரசிகர்கள் கூறுபோடும் விதங்களையும் சேர்த்தால் எந்த வருடமும் எவனாவது ஒருவனுக்கு எமன் கிடைத்துவிடுவான்.

ட்வின்ஸ் கதைக்கும் இது பொருந்தும். யாங்கீஸை எதிர்த்து ஒரு ஆட்டத்தில் ஜெயிக்க அவர்களுக்கு 40 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், 13 ஆட்டமும் தோற்க ஏறத்தாழ 770-ல் ஒரு வாய்ப்பு. அரிதுதான். ஆனால் எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குகிறோம்? அந்த 2-0 வெற்றிக்கு அடுத்த நாளிலிருந்து. 30 அணிகளை டிவிஷன் பார்க்காமல் ஜோடி சேர்த்தால் 435 ஜோடி, ஒவ்வொன்றுக்கும் பல பத்தாண்டு வரலாறு. அவ்வளவு பெரிய குவியலைக் கிளறி, இருப்பதிலேயே நீளமான தோல்வி வரிசையை வெளியே எடுத்து, பிறகு 'இது தற்செயலாக நடக்குமா?' என்று கேட்கிறோம். குவியலில் மிக நீளமானதை எடுத்தால் அது நீளமாகத்தானே இருக்கும்?

இந்தப் பிழை மைதானத்தோடு நின்றுவிட்டால் நான் கவலைப்பட மாட்டேன். நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி, கொஞ்சம் நோயாளிகளே வந்துபோகும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி ஒரு வருடம் கடைசியில் வந்ததும் அதன் தலைமை மருத்துவரை மாற்றுவதும் இதே பிழைதான். பேஸ்பால் அணிகள் இன்று புள்ளியியல் படித்தவர்களையும் இயற்பியல் படித்தவர்களையும் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கின்றன. விளையாட்டுக்கு இவ்வளவு கணக்கா என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு வரும் வருத்தம் வேறு: ஒரு பந்து எந்தக் கோணத்தில் எழும்புகிறது என்பதற்குச் செலவாகும் மூளையில் கால்வாசி பொது சுகாதாரக் கணக்குகளுக்குக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மேனேஜரைத் துரத்துவதற்கு வருவோம். மேனேஜர் எப்போது வேலை இழக்கிறார்? அணி அதலபாதாளத்தில் இருக்கும்போது. அதலபாதாளத்துக்குப் போக திறமைக் குறைவோடு கெட்ட நேரமும் சேர வேண்டும், அந்தக் கெட்ட நேரம் நீடிப்பதில்லை, அதனால் யாரை நியமித்தாலும் அல்லது யாரையுமே நியமிக்காவிட்டாலும் அடுத்த மாதம் அணி கொஞ்சம் மேலே வரத்தான் செய்யும். இந்தச் சராசரிக்குத் திரும்பும் போக்கை ஃபிரான்சிஸ் கால்டன் 1886-லேயே பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து காட்டிவிட்டார். புது மேனேஜர் வந்தார், அணி எழுந்தது என்பது பெரும்பாலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2003-ல் யாங்கீஸை எதிர்த்து ஒரு பிளேஆஃப் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் 5-2 என்று முன்னிலையில் இருந்தபோது, களைத்துப்போன பெட்ரோ மார்ட்டினஸை மேனேஜர் கிரேடி லிட்டில் எட்டாவது இன்னிங்ஸிலும் பந்து வீச விட்டார். ஆட்டம் சமமாகி, பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னோடு முடிந்தது. லிட்டிலின் வேலை போயிற்று. அது மோசமான முடிவுதான், நானே கத்தியிருப்பேன். அடுத்த வருடம் டெர்ரி ஃபிராங்கோனா வந்தார், அதே யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றார், மூன்றாவதில் 19-8 என்று மானம் போனது. நாலாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்த நிலையில் ரெட் சாக்ஸின் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடினார் (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), மயிரிழையில் தப்பினார். அங்கிருந்து நாலு வெற்றி, பிறகு உலகத் தொடர் என்ற இறுதித் தொடர், 1918-க்குப் பிறகு முதல் கோப்பை. ராபர்ட்ஸின் கை அரை நொடி தாமதமாகப் பேஸைத் தொட்டிருந்தால் ஃபிராங்கோனாவின் பெயரும் லிட்டிலின் பெயருக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

அந்த 86 வருட வறட்சிக்குத்தான் பேப் ரூத் சாபம் என்று பெயர் வைத்திருந்தார்கள், 1919 டிசம்பரில் முதலாளி ஹாரி ஃப்ரேஸி ரூத்தை யாங்கீஸுக்கு விற்றதால் வந்ததாம். சாபக் கதைகள் மேல் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் அவை பொய் என்பதுகூட இல்லை, அவை உண்மையான குற்றவாளிக்கு நிழல் கொடுக்கின்றன. மேஜர் லீகில் கறுப்பினத்தவரைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்ட அணி ரெட் சாக்ஸ், அதுவும் 1959-ல். கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் 1947-லேயே புரூக்லின் அணிக்கு ஆடத் தொடங்கிவிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அவர் பாஸ்டன் மைதானத்துக்கே வந்து ஆடிக் காட்டியிருக்கிறார், சேர்த்துக்கொள்ளவில்லை. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியை வேண்டாம் என்று பன்னிரண்டு வருடம் தள்ளிவைத்துவிட்டு, செத்துப்போன ரூத்தின் ஆவி மேல் பழி போடுவது முதலாளிக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

ஆக, சில சமயம் நிஜமாகவே ஆள் இருக்கிறார். அவர் பங்கு எவ்வளவு, தற்செயலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவும் வழி உண்டு. 2021-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் டாம்பா பே ரேஸை எதிர்த்து 19 ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தார்கள். அந்த 19-ஐக் கழித்துவிட்டு மற்ற அணிகளோடு ஆடியதை மட்டும் பார்த்தால் ஓரியோல்ஸ் 51 வெற்றி, 92 தோல்வி. ரேஸ் 82 வெற்றி, 61 தோல்வி. பேஸ்பால் புள்ளிவிவரங்களை எழுதிப் பேர்பெற்ற பில் ஜேம்ஸ் கொடுத்த ஒரு எளிய சூத்திரத்தில் இதைப் போட்டால் ஒரு ஆட்டத்தில் ஓரியோல்ஸ் ஜெயிக்க 29 சதவீத வாய்ப்பு வருகிறது. 19 ஆட்டத்தில் ஐந்தாறு ஜெயித்திருக்க வேண்டும். சம பலம் இருந்திருந்தால் ஒன்பது, பத்து. ஒன்பதரையிலிருந்து ஐந்தரைக்கு இறங்கியது அப்படி ஒரு அணியைக் கட்டியவர்களின் பொறுப்பு, அதற்கு நிர்வாகத்தைத் தாராளமாகத் திட்டலாம். ஐந்தரையிலிருந்து ஒன்றுக்கு இறங்கியதில் பெரும்பகுதிக்கு ஆளே இல்லை. அந்த நிர்வாகம் இளம் வீரர்களை வளர்ப்பதற்காகத் தெரிந்தேதான் அந்த வருடங்களைத் தியாகம் செய்தது, 2023-ல் அதே அணி 101 ஆட்டம் ஜெயித்தது.

எதிரணி நம்மைவிட நிஜமாகவே உசத்தியா என்று நேருக்கு நேர் ஆடியதை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா? முடியும், பொறுமை இருந்தால். அவர்களுக்கு 55 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஆட்டத்தில் அது நல்ல வித்தியாசம். அதைத் தற்செயலிலிருந்து ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துக் காட்ட 400 ஆட்டம் வேண்டும். வருடத்துக்கு 13 என்றால் முப்பது வருடம் ஆகும், அதற்குள் இரண்டு அணியிலும் ஆடியவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

அதனால் அந்த 13-ஐ விட்டுவிட்டு 162-ஐப் பாருங்கள். அதிலும் வெற்றி தோல்வியை விட்டுவிட்டு ரன்களைப் பாருங்கள். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கமும் கொடுத்த ரன் வர்க்கமும் கூட்டிய தொகையால் வகுத்தால் அணி ஜெயிக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். இதுவும் பில் ஜேம்ஸ் போட்ட கணக்குதான். 750 ரன் எடுத்து 700 கொடுத்த அணி 86, 87 ஆட்டம் ஜெயிக்க வேண்டிய அணி. உங்கள் அணியின் கணக்கு அப்படி ஆரோக்கியமாக இருந்து, ஒரே ஒரு எதிரியிடம் மட்டும் 3-10 என்றால் மேனேஜரை நிம்மதியாகத் தூங்க விடுங்கள். கணக்கே நாலைந்து வருடமாகப் படுத்திருக்கிறது என்றால் அப்போதும் மேனேஜரை விட்டுவிட்டு, அவரை நியமித்தவரின் கதவைத் தட்டுங்கள்.