பெட்டிக்குள் கெட்டில் வேண்டாம்

"மேலே 25,000 வோல்ட் கம்பி போகுதே சார், ஒரு கெட்டில் போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்று ஒரு பயணி கேட்டார். ரயில் பெட்டிகளின் விளக்கு, ஃபேன், பேட்டரி பார்ப்பது என் வேலை. நியாயமான கேள்விதான். இதை யாரும் பயணிகளுக்குச் சொல்வதில்லை.

அந்தக் கம்பி இன்ஜினை ஓட்ட. பழைய வகையான ஐ.சி.எஃப். பெட்டிகள் தமக்கு வேண்டிய கரண்டைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. அடியில் ஆல்டர்னேட்டர் என்ற கரண்ட் உண்டாக்கும் கருவி தொங்கும். சக்கர அச்சு சுழலும்போது பெல்ட் அதையும் சுழற்றும். ஏசி இல்லாத பெட்டியில் அதன் திறன் 4.5 கிலோவாட். மூன்று வீட்டு கெட்டில்களுக்குச் சரியாகப் போய்விடும். வண்டி சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட பிறகே அது கரண்ட் தரத் தொடங்கும். நின்றுவிட்டால் 110 வோல்ட் பேட்டரிதான். கல் பட்டோ, தேய்ந்தோ பெல்ட் அறுந்தால் ஓடும்போதும் அதே கதி. சிக்னலில் நெடுநேரம் நின்றால் ஃபேன் சோர்வாகச் சுற்றுவது இதனால்தான்.

புதிய வகையான எல்.எச்.பி. பெட்டிகள் கொண்ட வண்டிகளுக்கு முன்பு ஜெனரேட்டர் பெட்டிகள் டீசல் எரித்துக் கரண்ட் கொடுத்தன. இப்போது பல வண்டிகளில் மேல்கம்பியிலிருந்தே இன்ஜின் எடுத்து, 750 வோல்ட்டாக எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்புகிறது. அந்த வகையில் அவர் சொன்னது பாதி உண்மை. ஆனால் சீட்டோரச் சாக்கெட்டுக்கு அங்கேயும் 110 வோல்ட்தான் வரும். அது போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும்.

230 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் கெட்டில், 110 வோல்ட்டில் சுமார் 340 வாட்தான் இழுக்கும். தண்ணீர் லேசில் கொதிக்காது. 20 வாட் சார்ஜர் பதினேழைச் சேர்த்த சுமையை ஒரே சாக்கெட் அவ்வளவு நேரமும் தாங்க வேண்டும். வண்டிகளைப் பராமரிக்கும் பிட் லைனில் அப்படி ஒரு சாக்கெட்டைக் கழற்றினேன். ஓட்டைகள் உருகி நீண்டிருந்தன. உள்ளே ஒயரின் உறை, விரல் பட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது. அதற்கு ஒட்டினாற்போலப் பலகை. அப்புறம் ரெக்சின் பெர்த், மேலே தூங்குகிறவர்கள். அன்று அது பற்றிக்கொள்ளாதது எங்கள் திறமையால் அல்ல.

இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் சாக்கெட்டை நிறுத்தி வைக்கச் சொல்லியிருப்பதும் தீ பயத்தால்தான். தயவுசெய்து ஊழியரிடம் சண்டை போடாதீர்கள்.

குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே ஃபிளாஸ்கில் எடுத்து வாருங்கள். தீர்ந்தால் பேன்ட்ரியில் கேளுங்கள். பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு டி.டி.இ.யிடம் சொல்லுங்கள். அவர் கண்ணில் படவில்லையா, 139-ஐ அழையுங்கள். பெட்டி எண்ணையும் சீட் எண்ணையும் சொல்லிவிடுங்கள்.