டிரம் இல்லாமல் தாளம் போடும் கிட்டார்

ரோசன்பர்க் ட்ரியோ குழுவில் மூன்றே பேர். இரண்டு கிட்டார், ஆளுயர வயலின் போன்ற ஒரு டபுள் பாஸ், அவ்வளவுதான். ஆனால் கண்ணை மூடிக் கேட்டால், பின்னால் யாரோ ஸ்நேர் டிரம்மை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றே தோன்றும். அந்தச் சத்தம் நூஷே ரோசன்பர்க்கின் கிட்டாரிலிருந்து வருகிறது. அதன்மேல் ஏறித்தான் ஸ்டோகெலோ ரோசன்பர்க்கின் விரல்கள் பறக்கின்றன.

நெதர்லாந்தைச் சேர்ந்த இந்த ரோமானிக் குடும்பம் (ஜிப்சிகள் என்று பலர் அழைக்கும் இனம்) 1989 முதல் வாசித்துவருவது ஜிப்சி ஸ்விங் என்ற ஜாஸ் வகை. 1934-ல் பாரிஸில் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் தொடங்கிய குழுவில் பிறந்த இசை அது. மூன்று கிட்டார், ஒரு வயலின், ஒரு டபுள் பாஸ். அங்கேயும் டிரம் இல்லை. பிரான்சில் இதை 'ஜாஸ் மனூஷ்' என்பார்கள். 'மனூஷ்' என்பது ஜாங்கோ பிறந்த ரோமானிப் பிரிவின் பெயர். ரோமானி மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். நம் வாயில் புழங்கும் 'மனுஷன்' என்ற வடசொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

சரி, தந்தி எப்படி டிரம் ஆகிறது? அந்தத் தாள அடிக்கு 'லா போம்ப்' என்று பெயர், பம்பு அடிப்பது. நான்கு அடிகள் கொண்ட ஒரு சுற்றில் முதல் அடியும் மூன்றாம் அடியும் மென்மையாக, தாழ்சுரத் தந்திகளின் கனத்தோடு விழும். இரண்டாவதும் நான்காவதும் எல்லாத் தந்திகளிலும் சுரீரென்று விழுந்து, விழுந்த கையோடு அறுந்துபோகும். முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் சற்று முன்னால் பலர் மேல்நோக்கி ஒரு சின்ன இழுப்பும் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒலியை அறுப்பது இடது கை. விரல்களைத் தந்தியிலிருந்து எடுத்துவிடுவதில்லை, அழுத்தத்தை மட்டும் தளர்த்துகிறார்கள். தந்தி, கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கட்டையை விட்டு எழும்பி, மெத்தென்ற விரல்நுனியில் மாட்டிக்கொள்கிறது. அதிர்வை விரல் குடித்துவிடுகிறது. சுரம் நீள நேரமில்லாததால், தந்தியை மீட்டும் சிறு வில்லையான பிக் பட்ட அந்த முதல் 'சக்' மட்டும் நம் காதில் தங்குகிறது. நிமிடத்துக்கு 200 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு 0.3 நொடிதான். அதற்குள் பிறந்து, ஒலித்து, அடங்க வேண்டும். விரல் படாத தந்தி ஒன்று இருந்தாலும் அது தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இவர்கள் திறந்த தந்திகளை ஒதுக்கி, மூன்று நான்கு சுரங்களை மட்டும் இறுக்கிப் பிடிக்கும் கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) எடுக்கிறார்கள். சிலர் கட்டைவிரலையும் கழுத்துக்கு மேலாக வளைத்து ஒரு தந்தியைப் பிடிப்பார்கள்.

கையின் வேலையில் பாதியைக் கிட்டாரே செய்துகொடுக்கிறது. மாரியோ மக்காஃபெர்ரி என்ற இத்தாலியர் வடிவமைத்து, பாரிஸின் செல்மர் நிறுவனம் 1932-ல் கொண்டுவந்த கிட்டார்தான் இன்றுவரை இந்த இசையின் முன்மாதிரி. வழக்கமான கிட்டாரில் தந்திகள், அவற்றைத் தாங்கும்படி பலகைமேல் ஒட்டிவைத்த பிரிட்ஜிலேயே முடிந்துவிடும். இதில் பிரிட்ஜ் ஒட்டப்படுவதில்லை. தந்திகள் வீணையின் குதிரை போன்ற அதன்மேல் ஏறி இறங்கி, கிட்டாரின் அடிமுனையில் உள்ள உலோகப் பிடியில் கட்டப்பட்டிருக்கும். அந்த இழுவிசை பிரிட்ஜை மெல்லிய ஸ்ப்ரூஸ் மரப் பலகைமேல் அழுத்துகிறது. அதனால் தந்தியின் அதிர்வு சட்டென்று பலகைக்குப் போய்விடுகிறது.

தந்தியில் நாம் போடும் ஆற்றல் கைப்பணம் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தால் ஒலி மெல்ல நீளும். ஒரேயடியாகச் செலவழித்தால் பலத்து ஒலித்து உடனே தீரும். செல்மர் வகைக் கிட்டார் இரண்டாவது ரகம். மெல்லிசைப் பாட்டுக்கு அது குறையாகத் தெரியலாம். ஆனால் மைக் அரிதாக இருந்த நாட்களின் நடன அரங்கில், சத்தமும் வேண்டும், சட்டென்ற அடக்கமும் வேண்டும் என்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைத்திருக்காது.

அப்புறம், டிரம்மின் இன்னொரு பாதி டபுள் பாஸில் இருக்கிறது. நோனி ரோசன்பர்க் ஒன்றிலும் மூன்றிலும் பாஸ் தந்தியைச் சுண்டும்போது அது பெரிய டிரம்மின் 'தும்'. இரண்டிலும் நான்கிலும் நூஷேவின் 'சக்'. அடுத்த முறை இவர்கள் வாசிக்கும் காணொளி கிடைத்தால், ஸ்டோகெலோவை ஒரு நிமிடம் விட்டுவிட்டு நூஷேவின் இடது கையைப் பாருங்கள். விரல்கள் கிட்டார் கழுத்தின்மேல் மூச்சு விடுவதுபோல மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும்.